பதினைந்து வயது மகளும் நானும் சேர்ந்து படிக்க நாவல் சொல்லுங்கள்

மந்தைவெளி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். இந்த ஒரு வருஷமாக எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்றால் "சாப்பிட்டியா", "டியூஷனுக்கு நேரமாச்சு", "போனைக் கீழே வை" இவ்வளவுதான். கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் தலையணை மேல் வைத்தாள். "இதைப் படிம்மா. முடிச்சப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்கஸ் ஸூசாக் எழுதிய 'தி புக் தீஃப்'. பிள்ளைகள் படிக்கிற புத்தகம்தானே, இரண்டு நாளில் புரட்டிவிடலாம் என்று எடுத்தேன். நாஜிகள் காலத்து ஜெர்மனி. கதை சொல்வது மரணம். தம்பியைப் புதைத்த இடத்தில் பனிக்குள் கிடந்த ஒரு புத்தகத்தை லீசல் என்ற சிறுமி எடுத்து ஒளித்துக்கொள்கிறாள். அது குழி வெட்டுபவர்களுக்கான கையேடு. அவளுக்கோ படிக்கவே தெரியாது. வளர்ப்புத் தந்தை ஹான்ஸ் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ராத்திரியில் அவள் பயந்து விழித்துக்கொள்ளும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, உப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுத்து எழுதிச் சொல்லிக்கொடுக்கிறார். தாள் போதாமல் போனதும் நிலவறைச் சுவரிலேயே பெயின்ட்டால் எழுதுகிறார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கப்பா எனக்கு ஏபிசிடி சொல்லிக்கொடுத்தது பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில். நாற்பது வருஷத்துக்கு முன்பு நடந்தது. மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று ராத்திரி ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், விளக்கு எரிவதைப் பார்த்து வந்து, "எந்தப் பக்கத்துல இருக்கே?" என்று கேட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மூன்று மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். கரண்ட் பில் கதையையும் சொன்னேன்.

இப்போது லீவு. எனக்கு இன்னும் வேண்டும். பதினைந்து வயதுக்கும் பிடிக்க வேண்டும், நாற்பத்திமூன்று வயதுக்கும் பிடிக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் சரி. புத்தி சொல்கிற புத்தகம் மட்டும் வேண்டாம், அதற்கு நானே வீட்டில் இருக்கிறேன்.

ஆவடி லோக்கல்

மேடம், நீங்கள் படித்ததற்கே இரண்டு வயசு உண்டு. 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் அதே புத்தகத்தை இளையோர் அலமாரியில் வைத்தார்கள். எழுத்தில் ஒன்றும் மாறவில்லை, வைத்த இடம்தான் மாறியது.

என் பரிந்துரை மார்க் ஹாடன் எழுதிய 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்'. 2003இல் பெரியவர்களுக்கு ஒரு பதிப்பு, பிள்ளைகளுக்கு ஒரு பதிப்பு என்று ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். கிறிஸ்டோபருக்கு வயது பதினைந்து. கணக்கில் புலி, யாராவது தொட்டால் தாங்காது. பக்கத்து வீட்டு நாய் செத்துக் கிடக்கிறது, யார் கொன்றது என்று துப்பறியக் கிளம்புகிறான். அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 என்று பகா எண்களாகவே போட்டிருப்பார். உங்கள் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு இன்னும் மறந்திருக்காது, முதலில் அவள்தான் கண்டுபிடிப்பாள்.

நான் தினமும் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய் வருகிறவன். அந்தப் பையன் தனியாக ரயில் ஏறி லண்டன் போகிற பகுதியை ரயிலில்தான் படித்தேன். ஸ்டேஷனில் இருக்கிற ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு சத்தமும் ஒரே நேரத்தில் அவன் தலைக்குள் ஏறுகிறது. "இடது, வலது, இடது, வலது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடக்கிறான். படித்து முடித்துவிட்டு சென்ட்ரலில் இறங்கினேன். காலை ஒன்பது மணிக் கூட்டம், அறிவிப்பு, டீ விற்கிறவர் குரல், டிராலி உருளும் சத்தம். பத்து வருஷமாக நடக்கிற பிளாட்பாரத்தில் அன்றைக்குத்தான் நின்று கேட்டேன்.

ராயப்பேட்டை பெரியவர்

அம்மா, எனக்கு எழுபத்தொன்று. இந்த 'இளையோர் நாவல்' என்ற பிரிவெல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது. வீட்டுக்குப் பத்திரிகை ஒன்றுதான் வரும். முதலில் பாட்டி படிப்பாள், அப்புறம் அம்மா, அப்புறம் சண்டை போட்டுக்கொண்டு நாங்கள். 1950இலிருந்து 1954வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது என் அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, காக்கி அட்டை போட்டு பைண்ட் பண்ணி வைத்தாள். எனக்குப் பதினாலு வயதில் அந்த பைண்டிங்தான் கையில் வந்தது. இரண்டு பேருக்கும் பிடிக்க வேண்டும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் காட்சியிலேயே பாட்டியும் பேரனும் சேர்ந்து ஏறிக்கொள்ளலாம்.

பெரம்பூர் பதினேழு

தாத்தா, மரியாதையோடு ஒரு விஷயம் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. "நாவல் படிக்கணும்" என்று யாரிடம் சொன்னாலும் பொன்னியின் செல்வனைத்தான் கொடுக்கிறார்கள். மூன்று பேர் பிறந்தநாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பாகமும் படித்தேன், பிடித்தது, வந்தியத்தேவன் மாட்டிக்கொள்ளும் இடமெல்லாம் சிரித்தேன். ஆனால் எனக்கு அப்போது உள்ளே ஓடிக்கொண்டிருந்த கேள்விக்கு அதில் இடம் இல்லை.

போன வருஷம் என் பாட்டிக்குப் புற்றுநோய். அம்மா, மாமா எல்லோரும் ஹாலில் பேசுவார்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். அப்போது ஸ்கூல் சீனியர் அக்கா ஒருவர் பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' கொடுத்தார். கானருக்குப் பதின்மூன்று வயது, அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ராத்திரி 12:07க்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மரம் எழுந்து வருகிறது. மூன்று கதை நான் சொல்வேன், நாலாவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நாலாவது கதை என்ன என்று நான் சொல்ல மாட்டேன். அதைத்தான் நானும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இந்தக் கதையை முதலில் நினைத்தது ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர். அவரே புற்றுநோயில் 2007இல் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன யோசனையிலிருந்து பேட்ரிக் நெஸ் எழுதி முடித்து 2011இல் வந்தது. படித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். ஒரே நாளில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஹாலில் என்னையும் உட்காரவைத்துப் பேசினார்கள். ஆன்ட்டி, இதை உங்கள் லிஸ்டில் முதலில் வையுங்கள். ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

ராயப்பேட்டை பெரியவர்

தம்பி, நீ சொன்னது எனக்குப் புரிகிறது. என் மனைவி போனபோது என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவனிடம் யாரும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று சொல்.

பெரம்பூர் பதினேழு

தாத்தா, வாங்கும்போது படங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ஜிம் கே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அது இல்லாமல் படித்தால் பாதிதான்.

சைதை தமிழாசிரியை

நான் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். பொன்னியின் செல்வனைத் தவிரத் தமிழில் என்ன இருக்கிறது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா'. குறுநாவல்தான், ஒரே பீரியடில் வாசித்துவிடலாம். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு மாணவி, அவளை அடித்து உட்காரவைக்கிற பள்ளி. கதையைச் சொல்வது அவளுடைய டீச்சர். பதினொன்றாம் வகுப்பில் சத்தமாக வாசித்தேன். கடைசிப் பெஞ்சில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் மூன்று பேரும் அன்று பேசவில்லை. முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இது எங்களுக்கு எழுதினதா, உங்களுக்கு எழுதினதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் மற்ற ஆசிரியர்களுக்கும் கொடுத்தேன்.

அப்புறம் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல்கள். 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. தமிழில் சிறார் எழுத்து இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறது. மரப்பாச்சியை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும், தப்பான தொடுதல் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தவிக்கிறவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் இவை எல்லாம் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கைக்கு அளவானவை. பதினைந்து வயதுக்காரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது தம்பிக்கு" என்று வைத்துவிடுகிறாள்.

என் மனக்குறை இங்கேதான். பன்னிரண்டு வயதுக்குத் தமிழில் புத்தகம் இருக்கிறது, இருபத்தைந்து வயதுக்கும் இருக்கிறது, நடுவில் கையில் கொடுக்க ஒன்றும் கிடைப்பதில்லை. அந்த வயதில்தான் பிள்ளைகள் தமிழ் வாசிப்பை விடுகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வருகிற பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள். என் மாணவிகளுக்கு அந்த வழியும் கிடையாது, அவர்கள் வாசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால் நான் பெரியவர்கள் அலமாரியிலிருந்துதான் எடுக்கிறேன். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு', 1977இல் வந்தது. செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், கல்லூரிக்குப் போகும் சந்திரசேகரன், அவனுடைய கிரிக்கெட், சைக்கிள். சுற்றிலும் நிஜாம் ராஜ்யம், அவருக்காக ஆயுதம் எடுத்த ரஜாக்கர்கள், இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்ற கொதிப்பு. நேற்றுவரை சேர்ந்து ஆடியவனோடு இன்று எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பதினாறு பதினேழு வயதுக்கு இதைவிட நெருக்கமான நாவல் எனக்குத் தெரியாது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யும் அப்படித்தான். பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட பிள்ளைகள், அவர்களுடைய விளையாட்டு, பசி. ஆடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு வந்த தாத்தாவைப் பற்றி ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தாள், நான் கேட்காமலே.

கொளத்தூர் அப்பா

டீச்சர், தப்பாக நினைக்காதீர்கள். அட்சக்கோடு நான் கல்லூரியில் படித்தது. அந்தக் கடைசிப் பக்கங்களை என் மகள் படிப்பதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 'கூளமாதாரி'யிலும் அடி, வசவு எல்லாம் இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதியதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரியா? இளையோர் நாவல் என்று தனியாக வைத்திருப்பதே இதற்காகத்தானே?

சைதை தமிழாசிரியை

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை சார், நியாயமான கேள்வி. அந்தக் கடைசிக் காட்சியை நானும் பலதடவை யோசித்திருக்கிறேன். கலவரத்துக்கு நடுவில், பயந்து நடுங்கும் ஒரு குடும்பத்தின் எதிரில் சந்திரசேகரன் போய் நிற்கிறான். தான் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவனாக ஆகிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்துபோகிறது. ஓடுகிறான். அதை எடுத்துவிட்டால் நாவலே இல்லை. நான் பத்தாம் வகுப்புக்குக் கொடுப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில், கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, "முடித்ததும் என்னிடம் வந்து பேசு" என்று சொல்கிறேன். வருகிறார்கள். அந்த வயதில் செய்தியிலும் போனிலும் இதைவிடக் கொடூரமானதைப் பார்த்துவிடுகிறார்கள், அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை.

ஆவடி லோக்கல்

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள நூலகர் சங்கம் 1998இலிருந்து 'அலெக்ஸ் விருது' கொடுக்கிறது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டவற்றில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற பத்துப் புத்தகங்களை வருஷாவருஷம் தேர்ந்தெடுப்பார்கள். டீச்சர் ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை அதுதான். இங்கேயும் நூலகர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்து தமிழுக்கு அப்படிப் பத்துப் பெயர் எழுதினால், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் பிள்ளையோடு வருகிற அப்பா அம்மாவுக்கு எவ்வளவு உதவி.

தமிழில் இன்னொன்று. டீச்சர் சொன்ன பாலபாரதியே எழுதிய 'துலக்கம்'. ஆட்டிசம் உள்ள பையன் காணாமல் போகிறான். ஹாடன் நாவலோடு சேர்த்துப் படியுங்கள், முதலில் எது என்பது உங்கள் இஷ்டம்.

திருவான்மியூர்வாசி

சென்னையிலேயே நடக்கிற இளையோர் நாவல்களை யாரும் சொல்லவில்லையே! பத்மா வெங்கட்ராமன் இங்கே பிறந்து அமெரிக்காவில் இருக்கிறவர், ஆங்கிலத்தில் எழுதுகிறார். 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்' 2008இல் வந்தது. 1941, இரண்டாம் உலகப் போர்க் காலம். பம்பாயில் செல்லமாக வளர்ந்த வித்யா என்ற பதினைந்து வயதுப் பெண், அப்பா போலீஸ் தடியடியில் நிலைகுலைந்து போனதும் மதராஸில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறாள். பெண்கள் கீழே, ஆண்கள் மாடியில். நூலகமும் மாடியில். தாத்தாவிடம் கேட்டு அந்தப் படி ஏறுகிறாள். என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங்க வீட்டுல மாடி கிடையாது, ஆனா அந்தப் படி இருந்தது" என்றாள்.

'தி பிரிட்ஜ் ஹோம்' 2019. வீட்டில் அடி தாங்காமல் விஜியும் அவள் அக்கா ருக்குவும் பட்டணத்துக்கு ஓடிவந்து, பாலத்தின் மேல் அருள், முத்து என்ற இரண்டு பையன்களோடு தங்குகிறார்கள். குப்பையில் பொறுக்கி விற்றுப் பிழைப்பு. நாவல் முழுக்க விஜி தன் அக்காவைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். ருக்குவுக்கு மன வளர்ச்சி கொஞ்சம் குறைவு, ஆனால் மணி கோத்து மாலை செய்வதில் அவள் கைக்கு ஈடில்லை. பிள்ளைகள் மொழியில் எளிமையாக எழுதியது, பெரியவர்களைத்தான் அதிகம் அசைக்கும். தினமும் கூவம் பாலத்தைத் தாண்டுகிறவர்கள் நாம்.

திருவல்லிக்கேணி பழைய புத்தகம்

நான் சொல்வது பழசு. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கிஸ் நாட்டுக்காரர், 1962இல் எழுதியது. சோவியத் காலத்தில் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகிக் கப்பலில் வந்த பதிப்பு. வழவழப்பான தாள், கெட்டி அட்டை, விலை சொற்பம். பாரதி சாலை நடைபாதையில் கிடைத்தது.

அதிகம் படிக்காத துய்ஷேன் என்ற இளைஞன் கிராமத்துப் பழைய தொழுவத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். குளிர்காலத்தில் ஓடையைத் தாண்ட வேண்டும், தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. சின்னப் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக முதுகிலும் கையிலும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குகிறான். குதிரையில் போகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதைச் சொல்வது அல்தினாய், அன்று அவன் கரை சேர்த்த பிள்ளைகளில் ஒருத்தி. ஊரே புகழும் அறிஞராகிவிட்ட பிறகு, இத்தனை நாள் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தத்தில் எழுதுகிறாள். பதினைந்து வயதில் நான் அல்தினாய்க்காகப் படித்தேன். ஐம்பதில் திரும்ப எடுத்தபோது துய்ஷேனை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. புதிய பதிப்புகளும் வந்திருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

மந்தைவெளி அம்மா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் 'முதல் ஆசிரியர்' எடுத்தோம். மகள் தமிழ் படிப்பதில் கொஞ்சம் மெதுவு, அதனால் சாயந்திரம் மொட்டை மாடியில் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான் என்று சத்தமாகப் படித்தோம். ஓடை தாண்டுகிற இடம் அவள் முறையில் வந்தது. "வெறுங்காலோடு" என்ற வார்த்தையில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீயே படி" என்று என் கையில் கொடுத்தாள்.

அடுத்து 'தி பிரிட்ஜ் ஹோம்'. அதை முடித்த அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் 21ஜி பஸ்ஸில் போகும்போது அடையாற்றுப் பாலத்தில் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹாடன் நாவலின் பகா எண்ணை ஆவடிக்காரர் சொன்னபடி அவள்தான் கண்டுபிடித்திருப்பாள், ஆனால் நான் இந்த இழையை முன்னாடியே அவளுக்குக் காட்டிவிட்டேன். தப்புதான். 'ஆயிஷா'வை ஊரிலிருந்து வந்த எங்கப்பா கையில் எடுத்துக்கொண்டார், இன்னும் திருப்பித் தரவில்லை. பெரம்பூர் தம்பி சொன்ன புத்தகத்தை நான் முதலில் படித்துவிட்டேன், அவளுக்கு இந்த வாரம் கொடுக்கிறேன். அட்சக்கோடு இரண்டு வருஷம் பொறுக்கட்டும் என்று நினைக்கிறேன். கொளத்தூர் சாருக்கும் டீச்சருக்கும் நடந்த பேச்சைப் படித்த பிறகுதான் அந்த முடிவு.

ஒரு சின்னக் கேள்வி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யை அங்கேயே உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்துவிட்டாள். தான் அவிழ்த்துவிட்ட நிழல் துரத்த ஓடிக்கொண்டே இருக்கிறானே கெட், "நீ திரும்பி நில்" என்று குரு சொல்கிற இடத்தை எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டாள். இப்போது அடுத்த பாகம் வேண்டுமாம். யாராவது பார்த்தீர்களா?

ஆவடி லோக்கல்

'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' என்னிடம் இருக்கிறது மேடம். இரண்டாம் பாகத்தில் ஒரு பெண் பிள்ளைதான் நாயகி, இன்னும் பிடிக்கும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மந்தைவெளி பறக்கும் ரயில் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில் நிற்கிறேன். நடுவில் நாலைந்து பக்கம் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெதுவாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.